அலகை விழுங்காதீர்

முதலாண்டு வேதியியல் பயிற்சிகளில் நம்மவர் பலர் வெறும் எண்ணாகவே கணக்கிட்டு, அலகைக் கடைசி வரியில் ஒட்டவைக்கின்றனர். இது ஆபத்தான பழக்கம். 1983-இல் ஏர் கனடா விமானமொன்றின் எரிபொருளை லிட்டரிலிருந்து கிலோகிராமுக்கு மாற்ற, 0.8-க்குப் பதிலாக 1.77-ஆல் பெருக்கினர். 1.77 என்பது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்னும் அடர்த்தி! தேவையில் பாதிகூட இல்லாமல் பறந்த விமானத்தின் இரு இயந்திரங்களும் நடுவானில் நின்றன. விமானியின் திறமையால் எவரும் சாகவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதியிருந்தால், லிட்டரோடு லிட்டர் அடிபட்டு, பவுண்டு மிஞ்சி, பிழை உடனே தெரிந்திருக்கும்.

அடர்த்தி, கெத்தும்பாத்தான், டென்சிட்டி எனப் பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறினாலும் (நமக்கு மூன்றும் பழக்கம்தானே!) கேள்வி ஒன்றே: எவ்வளவு கன அளவில் எவ்வளவு பொருண்மை? மூத்தோரே, அடுத்த பருவத்து உதவி வகுப்பில் அலகில்லாத வரிக்கு மதிப்பெண் தராதீர்கள்.