சார்லட் பிராண்டேயின் பிரெஞ்சு வாத்தியார்

'ஜேன் ஐர்' நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதை எழுதிய சார்லட் பிராண்டே பற்றிப் பேச்செடுத்தாலே, பிரஸ்ஸல்ஸில் தன் ஆசிரியர் ஏஜே மீது அவர் கொண்ட ஒருதலைக் காதலைத்தான் சொல்கிறார்கள். அவர் மணமானவர், கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்றெல்லாம் கதை நீளும். என்னைக் கேட்டால், அது பாதி விஷயம்தான்.

1842இல், 25 வயதில், தங்கை எமிலியுடன் அவர் அங்கே போனது பிரெஞ்சு கற்க. ஊர் திரும்பிச் சொந்தமாகப் பள்ளி நடத்தும் எண்ணம். ஏஜே நல்ல பிரெஞ்சு எழுத்துகளைப் படித்துக் காட்டி, அந்த முறையில் கட்டுரை எழுதச் சொல்வார். பிறகு திருத்துவார். அவர் கைத்திருத்தத்தோடு அக்கட்டுரைகள் இன்றும் இருக்கின்றன. அதற்குமுன் சார்லட், தம்பி பிரான்வெல்லோடு சேர்ந்து கற்பனை நாட்டுக் கதைகளை எழுதிக் குவித்தவர். கண்டித்துத் திருத்த ஆள் இல்லை.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தக் கண்டிப்பு தெரியும். வேண்டாத ஒரு சொல்லைக்கூட வாத்தியார் விட்டுவைக்க மாட்டார். எழுத்து அப்படித்தான் உருப்படும்.

ஐந்தே ஆண்டில், 1847இல், 'ஜேன் ஐர்' வந்தது. அடுத்து, எட்டு மாதத்துக்குள் தம்பியும் இரு தங்கைகளும் இறந்துபோனார்கள். அந்தத் தனிமையில் எழுதி 1853இல் வெளியிட்ட 'வில்லெட்', பிரஸ்ஸல்ஸ் அனுபவத்தில் விளைந்தது. காதல் கைகூடவில்லை, சரி. கற்றது வீண் போகவில்லையே!

அந்த நாவலையும் தேடிப் படியுங்கள். இடையிடையே பிரெஞ்சுப் பேச்சு வரும். பயப்பட வேண்டாம், கதை புரியும்.