டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாத நஞ்சு

இரணியல் பக்கம் கிணற்று நீரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘டி.டி.எஸ். 120தான், நல்ல தண்ணீர்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த எண் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். ஈயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம் போன்ற கன உலோகங்கள் இருக்கின்றனவா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்கைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரப்படி (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு 0.003. ஈயம் பத்து மடங்கு கூடினாலும் 0.1 மில்லிகிராம்தான். 120 காட்டும் மீட்டர் அப்போதும் 120தான் காட்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகள் பயன்படுத்தும் களப் பரிசோதனைப் பெட்டியும் கடினத்தன்மை, இரும்பு, புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையே காட்டும். ஈயமும் காட்மியமும் அதில் இல்லை.

தாமதமாக விழித்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. அங்கே குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆனால், ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. அதில் இறங்கிய மழைநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது. குரோமியத்தின் வரம்பு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் நீரின் நிறம் மாறாது. கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும்போது வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

‘இங்கே அப்படி ஆலை இல்லையே’ என்பீர்கள். உண்மைதான். ஆனால், குமரி மாவட்டத்தின் செம்மண்ணும் செம்புரை மண்ணும் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டவை. அமில நீரில் உலோகங்கள் எளிதில் கரையும்; பித்தளைக் குழாய் இணைப்பிலிருந்துகூட ஈயம் கசியலாம். பழைய பேட்டரி உடைக்கும் இடம், குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு அருகில் கிணறு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பயிர் பச்சையாக நிற்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள். நெல்லும் கீரையும் வாடாமலே காட்மியத்தை உறிஞ்சும். மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டால் அது குறையும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். வெறுமனே ‘தண்ணீர்ப் பரிசோதனை’ என்று கேட்காமல், உலோகங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயே பார்ப்பார்களா, வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா என்பதையும் விசாரியுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்குங்கள். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாதிருக்க நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். இல்லையேல் அளவு குறைவாகத் தெரியும். காலையில் முதலில் வரும் நீரை ஒரு பாட்டிலிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்ட நீரை மற்றொன்றிலும் பிடியுங்கள். முதலாவதில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தால் குறை பெரும்பாலும் குழாயில்தான். இரண்டிலும் இருந்தால் கிணற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

வரம்பு தாண்டியிருந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீர் சுண்டச் சுண்ட உலோகத்தின் செறிவு கூடும். குடிக்கவும் சமைக்கவும் வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.

இரணியல் பேரூராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் பொதுக் கிணறுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது உலோகப் பரிசோதனை செய்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.