பழைய பெரும் படகை யார் வாங்குவார்?

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வழியாகப் பாலத்தைக் கடந்து கேரித்தீவுக்குப் போயிருக்கிறீர்களா? இருபுறமும் செம்பனைத் தோட்டம். தோட்டம் முடியும் இடத்தில் சதுப்புநிலக் காடு, சேறு, மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமம். அங்கே கரையில் கட்டியிருக்கும் சிறு மீன்பிடிப் படகை விற்பது பெரிய சிரமமில்லை. பின்னால் மாட்டியிருக்கும் இயந்திரத்தைக் கழற்றித் தனியாகவும் விற்கலாம், படகைத் தனியாகவும் விற்கலாம். வாங்குபவர் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்.

பக்கத்துத் தீவான பூலாவ் இண்டாவில் வேறொரு படகு விற்பனைக்கு வந்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2018 ஆகஸ்டு 7ஆம் நாள் ‘ஈக்குவானிமிட்டி’ என்ற ஆடம்பர உல்லாசப் படகு அங்குள்ள பயணக் கப்பல் முனையத்துக்கு வந்து சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். நெதர்லாந்தின் ஓஷன்கோ நிறுவனம் கட்டி 2014இல் ஒப்படைத்தது. 1எம்டிபி நிதியைக் கொண்டு 25 கோடி அமெரிக்க டாலருக்கு இது வாங்கப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை கூறியது. இந்தோனேசியாவின் பாலியில் பிடிபட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் படகை விற்க, நீதிமன்றத்தின் வழியாக ஏலம் விடப்பட்டது. எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை. கடைசியில் 2019 ஏப்ரலில் கெந்திங் மலேசியா நிறுவனம் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. வாங்கிய விலையில் ஏறத்தாழ பாதி!

அவசரமாக விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். அவ்வளவு பெரிய படகை வாங்கக்கூடியவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தான் என்பது இன்னொன்று. ஆனால் அந்தப் படகு கட்டப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. இருபது, முப்பது ஆண்டுகள் பழைய பெரிய விசைப்படகின் நிலை என்னவாக இருக்கும்? அதன் விலையை முடிவு செய்வது விற்பவரின் பேச்சுத் திறமை அல்ல, இயற்பியலும் வேதியியலும்தான் என்பது என் கருத்து.

முதலில் கணிதத்தைப் பாருங்கள். 6 மீட்டர் படகு ஒன்றும், அதே வடிவில் 24 மீட்டர் படகு ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். நீளம் 4 மடங்கு. மேற்பரப்பு 4 × 4, அதாவது 16 மடங்கு. கன அளவு 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு. ஆகவே சாயம் பூசும் செலவு 16 மடங்காகிறது. கரையேற்றித் தூக்க வேண்டிய எடை 64 மடங்காகிறது. சிறிய படகை ஒரு காரின் பின்னால் கட்டி இழுத்துச் சென்றுவிடலாம். பெரிய படகுக்குப் பாரந்தூக்கியும் பழுதுபார்க்கும் தளமும் வேண்டும். விளம்பரத்தில் நீளத்தைத்தான் போடுவார்கள். செலவோ நீளத்தோடு நிற்பதில்லை.

அடுத்தது எண்ணெய்ச் செலவு. 1,000 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 740 கிலோவாட். டீசல் இயந்திரம் ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் குடிக்கும். பெருக்கிப் பாருங்கள்: முழு வேகத்தில் மணிக்கு 185 லிட்டர். பெரிய விசைப்படகில் இப்படி இரண்டு இயந்திரங்கள் இருப்பது வழக்கம். ஒரு காரின் எண்ணெய்த் தொட்டி 40 லிட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் ஒன்பது கார்களை நிரப்பும் டீசல் தீர்ந்துவிடும். படகு பழையது என்பதற்காக டீசல் மலிவாகக் கிடைக்காது. பழைய படகை வாங்குபவர் பழைய விலை கொடுக்கிறார். ஆனால் எண்ணெய்க்கும், உதிரிப் பாகங்களுக்கும், படகு கட்டும் இடத்துக்கும் இன்றைய விலை கொடுக்கிறார்.

இனி கடல் செய்யும் வேலை. இன்று பல விசைப்படகுகளின் உடல் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்தது. நாம் ‘பைபர்’ என்கிறோமே, அதுதான். பளபளக்கும் மேல்பூச்சின் ஊடே நீர் மிக மெதுவாக உள்ளே கசிகிறது. பிசினில் உள்ள கரையக்கூடிய பொருள்களோடு அது சேர்ந்து அடர்த்தியான கரைசலாகிறது. நீங்கள் பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இங்கும் நடக்கிறது: அந்தக் கரைசல் மேலும் நீரை இழுக்க, அழுத்தம் கூடிப் படகின் அடியில் கொப்புளங்கள் எழுகின்றன. நம் கடல் போல வெதுவெதுப்பான நீரில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

உலோகப் பாகங்களின் பாடு வேறு. உப்பு நீரில் வெண்கலச் சுழலியும் எஃகுத் தண்டும் இணைந்திருந்தால், அது ஒரு மின்கலம் போலாகி ஓர் உலோகம் அரிக்கப்படும். அதைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் தன்னை முதலில் இழந்து மற்ற உலோகங்களைக் காக்கும். அது தேய்ந்த பின் புதிது மாற்றாவிட்டால், அடுத்து அரிபடுவது படகின் பாகங்கள்தாம். போதாததற்குக் கொட்டலசு போன்ற ஓடுள்ள உயிரினங்கள் அடியில் ஒட்டி வளரும். அதனால் நீரின் உராய்வு கூடி, அதே வேகத்துக்கு இன்னும் அதிக டீசல் தேவைப்படும்.

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் படகில் கொட்டலசுகள் எளிதில் குடியேறுகின்றன. இயக்காத இயந்திரத்தில் துருப் பிடிக்கிறது. தொட்டியில் கிடக்கும் டீசலில் நீர் சேர்ந்து நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அதாவது, வாங்க ஆள் வரும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் படகை இன்னும் விற்க முடியாததாக்குகிறது. விலையைக் குறைத்தால் ஆள் வருவாரா? வருவார். ஆனால் குறைந்த விலைக்கு வாங்குபவரிடம் பெரும்பாலும் பராமரிக்கும் வசதியும் குறைவாகவே இருக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி ஒருநாள் அந்தப் படகின் விலை பூச்சியத்துக்கும் கீழே போகிறது. அதாவது, அதை அப்புறப்படுத்த ஆகும் செலவு, அதை விற்றால் கிடைக்கும் பணத்தைவிட அதிகமாகிறது.

எஃகுக் கப்பலுக்கு இந்த நிலை எளிதில் வராது. அதை உடைத்து இரும்பாக விற்கலாம். இந்தியாவின் அலாங் கடற்கரையிலும் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலும் அதற்கென்றே பெரிய தொழில் நடக்கிறது. பைபர் படகுக்கு அந்த வழி இல்லை. ஒருமுறை இறுகிய பிசினை மெழுகு போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அதனால்தான் பல நாடுகளில் இத்தகைய படகுகளை ஆளில்லாத ஓடைகளில் விட்டுவிட்டுப் போகிறார்கள். எண்ணெயும் மின்கல அமிலமும் கசிகின்றன. பைபர் நொறுங்கி நுண்துகளாகிச் சேற்றில் கலக்கிறது. அந்தச் சேறு யாருடையது? கேரித்தீவைப் போன்ற இடத்தில், அது நண்டு பிடித்தும் மீன் பிடித்தும் வாழும் குடும்பங்களின் பிழைப்பு. உல்லாசப் பயணத்தில் ஒருநாளும் ஏறாதவர்கள் அதன் கடைசிக் கட்டணத்தைச் செலுத்த நேர்வது நியாயமா?

தீர்வு இல்லாமல் இல்லை. ஜப்பான் 2005இலேயே பைபர் படகுகளுக்கான மறுசுழற்சித் திட்டத்தைத் தொடங்கியது. படகை நொறுக்கி, சிமெண்டு ஆலைகளில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துகிறார்கள். பிரான்சில் 2019 முதல், புதிய படகுகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தில் பழைய படகுகள் உடைக்கப்படுகின்றன. எனக்குப் பிரான்சின் வழியே மேலானதாகத் தோன்றுகிறது. படகின் கடைசிச் சொந்தக்காரர்தான் பெரும்பாலும் வசதி குறைந்தவர். அவரிடம் போய்ப் பணம் கேட்டால், அவர் இரவோடு இரவாகப் படகைக் கைவிட்டுவிடக்கூடும். முதலில் வாங்குபவரிடம் கேட்டால் பணம் நிச்சயம் வரும்.

மலேசியாவிலும் பெரிய உல்லாசப் படகைப் பதிவு செய்யும்போதே அதை உடைப்பதற்கான முன்பணத்தை வாங்கி வைக்க வேண்டும் என்பேன். படகு கைமாறினால் முன்பணமும் படகோடு கைமாறட்டும். முறையாக உடைத்த பின், செலவு போக மீதியைக் கடைசிச் சொந்தக்காரருக்குத் திருப்பித் தரலாம். ஏழை மீனவரின் சிறு படகுக்கும் இது சுமையாகாதா என்று கேட்பீர்கள். மேலே போட்ட கணக்கே அதற்குப் பதில். கன அளவில் 64இல் ஒரு பங்கு உள்ள படகுக்கு முழு விலக்கு அளிப்பதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. படகு வியாபாரம் படுத்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். உடைக்கும் செலவுக்கு ஏற்பாடு உள்ள பழைய படகை வாங்கத்தான் ஆள் துணிந்து வருவார் என்பேன் நான்.

மாணவர்களே, உங்களில் பலர் பெரும் படகு எதையும் வாங்கப் போவதில்லை. ஆனால் கார் வாங்குவீர்கள், கைப்பேசி வாங்குவீர்கள், ஒருநாள் கூரைமேல் சூரியத் தகடும் பொருத்துவீர்கள். விலை என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். இதை வைத்திருக்க என்ன செலவு, இது பழசானால் எங்கே போகும், அந்தச் செலவு யாருடையது என்றும் சேர்த்துக் கேளுங்கள். கடைக்காரரிடம் பதில் இல்லையென்றால், அந்தப் பொருளுக்கு இன்னும் யாரும் முழு விலை போடவில்லை என்று பொருள்.