பனி உருகிற்று, பெயர் உருகவில்லை!

சென்னைக் கடற்கரைச் சாலையில், திருவல்லிக்கேணியை அடுத்து, வளைந்த முகப்போடு நிற்கும் மாளிகை ஒன்றுண்டு. விக்டோரியா அரசியின் காலத்தில், 1842ஆம் ஆண்டில், அமெரிக்க வணிகர் பிரடெரிக் தியூடர் எழுப்பியது அது. அவர் நாட்டு ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்து, இங்கே சேமித்து விற்கப்பட்டது. வெள்ளையர்தம் குடிகலம் குளிர்தற்கு அத்துணைப் பெருங்கட்டடம்! பொறியாலேயே பனிக்கட்டி ஆக்கும் முறை இங்கு வந்ததும் அவ்வணிகம் வீழ்ந்தது.

பின்னர், உயர்முறைமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை விலைக்கு வாங்கினார். காற்றுப் புகாக் கிடங்கிற்குப் பலகணிகளும் தாழ்வாரங்களும் அமைத்து வாழ்மனை ஆக்கினார். ஏழை மாணவர்க்கும் இடந்தந்தார். அவ்வறம் போற்றத்தக்கதே. ஆயின், தம் பொருளால் வாங்கிய தம் மனைக்கு அவர் இட்ட பெயர் யாது? வெள்ளை நடுவர் ஒருவர் பெயரால் ‘கெர்னன் கோட்டை’! மனை நம்மவரது, பெயர் மாற்றானது. அடிமைத்தனம் விலங்கில் மட்டுமா உள்ளது?

1897இல் விவேகானந்தர் அம்மனையில் தங்கினார். 1917இல் அதனை அரசு வாங்கிற்று. 1963இல் ‘விவேகானந்தர் இல்லம்’ எனப் பெயர் மாற்றிற்று. எனினும், அப்பகுதி இன்றும் மக்கள் நாவில் ‘ஐசு அவுசு’தான்! பனி உருகி ஒரு நூற்றாண்டிற்கு மேலாயிற்று, பெயர் உருகவில்லை.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்பார் உளர். ஒன்றுமில்லையெனின், ஆங்கிலப் பெயரையே தேடித்தேடிச் சூட்டுவது ஏன்?

அந்நோய் இன்று சிங்கப்பெருமாள் கோவில் வரை பரவியுள்ளது. பல்லவர் காலக் குடைவரையால் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றோடு மனைப்பிரிவுகளும் பெருகின. அவற்றின் விளம்பரப் பலகைகளில் ‘வில்லா’, ‘கார்டன்’, ‘என்கிளேவ்’! முற்றம், கூடம், திண்ணை, மாடம் என வீட்டின் உறுப்புத்தொறும் பெயர் வைத்திருந்த இனத்திற்கு, வீட்டிற்கொரு பெயரா கிடைக்கவில்லை? கெர்னனுக்கேனும் அன்று ஆட்சி இருந்தது. இன்று எவருக்கு அஞ்சி இப்பெயர்கள்?

தமிழீர்! கடன்பட்டேனும் மனை எழுப்புகின்றீர். அதன் நிலைக்கு மேல் ஒரு தமிழ்ப்பெயர் பொறிக்கக் கடன் வேண்டுவதில்லை. மானம் ஒன்றே வேண்டும்.