விடுபட்ட மூன்றாம் வேளை

பொம்மையார்பாளையம் அரசுப் பதிவேட்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராம ஊராட்சி. மாலை ஏழு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. விடுதிகளில் அறை சுத்தம் செய்து ஷிப்ட் முடித்த பெண்கள், கட்டட வேலையிலிருந்து திரும்பும் சித்தாள்கள், மீன் விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு வருபவர்கள் என்று ஒரு நகரத்தின் உழைப்பாளிக் கூட்டமே அங்கே இறங்குகிறது. வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டத் தெம்பில்லாத நாளில் இவர்களுக்கு இருப்பவை இரண்டு வழிகள்தான்: தள்ளுவண்டிப் பரோட்டா சால்னா, அல்லது புதுச்சேரிப் பக்கம் போய்ப் பல கிளைகள் கொண்ட ஓட்டல் ஒன்றில் பிள்ளைகளோடு தோசை. இரண்டாவதை ஊதாரித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. உணவுச் செலவுக் கணக்குகளைப் படிப்பதே தொழிலாகக் கொண்ட என்னால் அதை ஏற்க முடியவில்லை.

2022-23ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, ஊரக இந்தியக் குடும்பங்களின் மொத்தச் செலவில் தானியங்களுக்குப் போவது 4.91 சதவீதம். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு, விலைக்கு வாங்கும் சமைத்த சாப்பாடு ஆகியவற்றுக்குப் போவது 9.62 சதவீதம். இதில் பிஸ்கட்டும் தேநீரும் அடங்கும். எல்லாமே இரவு டிபன் இல்லை. ஆனாலும் கிராமத்து அடுப்பின் சுமையில் ஒரு பங்கு கடைக்கு மாறிவிட்டதை இந்த எண்கள் மறைக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் தருகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். வெளியில் சாப்பிடும் ஓர் இரவு, அந்த 299இல் ஒரு பகுதியை ஒரு பெண்ணுக்குத் திருப்பித் தருகிறது. அவள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பரிமாறுகிறார். அந்த இருக்கைக்காகவும்தான் அவள் காசு கொடுக்கிறாள்.

பசியைப் பொது வேலையாக எடுத்துக்கொண்டதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. காமராசர் காலத்துப் பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று பட்டியல் பெரிது. கவனித்தால் எல்லாம் பகல் வேளைகள். இரவு குடும்பத்தின் பொறுப்பு, அதாவது பெண்ணின் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலேயே தீர்மானமாகிவிட்டது. இதற்கு ஒரு முக்கிய விதிவிலக்கு அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அதில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். பிறகு இரவில் பருப்புக் கடைசலோடு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். ஆட்சி மாறியும் அது மூடப்படவில்லை. 2024இல் சென்னை உணவகங்களைச் சீரமைக்க 21 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் அவற்றை நடத்துபவை நகர உள்ளாட்சிகள். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் பொம்மையார்பாளையம், நகரத்துக்கு எவ்வளவு உழைத்தாலும், அந்தக் கணக்கில் வராது.

கேரளம் இந்த எல்லையைத் தாண்டியது. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜனகீய ஓட்டல்களைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கிராம ஊராட்சிகளிலும் நடத்தினார்கள். சாப்பாடு 20 ரூபாய், அரசு மானியம் 10 ரூபாய். அங்கும் முதன்மை மதியச் சாப்பாடுதான். மானியம் நிலுவையில் நின்று நடத்துபவர்கள் கடனில் விழுந்தார்கள். 2023 ஆகஸ்டில் மானியமே நிறுத்தப்பட, விலை 30 ரூபாயானது. எனவே மானியத்தை மட்டும் நம்பி ஓட்டல் திறக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு கிளை ஓட்டல்: இந்தியன் காபி ஹவுஸ். காபி வாரியம் 1950களில் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958இல் திருச்சூரிலும் சங்கங்கள் எழுந்தன. புதுச்சேரி நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸை இந்தப் பகுதியில் அறியாதவர் குறைவு. பரிமாறுபவரே உரிமையாளராக இருக்கும் சங்கிலி உணவகம், குறைந்த விலையில் தலைமுறைகளைத் தாண்டி நிற்க முடியும் என்பதற்கு அது சாட்சி. எல்லாச் சங்கங்களும் செழித்துவிடவில்லை என்பதும் உண்மை.

இப்படியொரு கூட்டுறவு இரவு உணவகத்தை இங்கும் தொடங்கலாம் என்றால், இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளிச் சாப்பாட்டில் எண்ணெயும் உப்பும் அதிகம் என்கிறார்கள், சரிதான். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி இருக்கிறது. தள்ளுவண்டிக்கு அது பொருந்தாது. பத்துக் கிளைகளாக வளரும் பொது உணவகத்துக்குப் பொருந்தும். சமையல் குறிப்பையே ஓரிடத்தில் திருத்தவும் முடியும். அடுத்தது, தள்ளுவண்டிக்காரரின் பிழைப்பு. இதை நான் லேசாக எடுக்கவில்லை. பரோட்டாவோடு மோதாத பட்டியலும், சங்கத்தில் அவர்களுக்கே முதல் உறுப்புரிமையும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

என் யோசனை இதுதான்: பொம்மையார்பாளையம் அடங்கிய வானூர் வட்டத்தின் கடலோர ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரே பொதுச் சமையலறை, மாலை ஆறு முதல் பத்து வரை இட்லி, தோசை, சப்பாத்தி, மீன் குழம்புச் சோறு என நான்கே பண்டங்கள், உட்கார நாற்காலி, மகளிர் குழுக்களின் கூட்டுறவு உரிமை. அரசு தர வேண்டியது இடம், மின்சாரம், முதல் இரண்டு ஆண்டு நடைமுறை மூலதனம். தட்டுக்குத் தட்டு மானியம் கேட்கவில்லை. அடுத்த ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஓர் உறுப்பினர் போதும்.