இலவச மின்சாரமும் எளியவர் பணமும்

ஆராய்வதற்கு எவருக்கும் உரிமை உண்டு. பட்டம் பெற்றவர்தாம் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் தொடவேண்டும் என்பது பட்டதாரிகளின் இறுமாப்பு. 1831இல் செப்புத் தட்டொன்றைக் காந்தத்தின் முனைகளுக்கிடையே சுழற்றி மின்னோட்டம் பெற்றுக் காட்டிய மைக்கேல் பரடே ஒரு கருமானின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், பல்கலைக்கழகத்தில் கற்றவரல்லர். ஆகவே, வீட்டு முற்றத்திலே புதுவகை மின்பிறப்பாக்கி செய்ய முனையும் தொழிலாளியைக் கண்டு நகைப்போரின் பக்கத்தில் நாம் நிற்கப்போவதில்லை.

நம் வழக்கு வேறொருவரோடு. உட்செலுத்துவதிலும் மிகுந்த சக்தியை வெளித்தரும் காந்தப்பொறி என்று கூறி, அதன் வரைபடத்தை விலைக்கு விற்கும் வணிகரோடு. இவர்கள் நம் சொற்களையே இரவல் வாங்கிப் பேசுகின்றனர். எண்ணெய்க் கம்பனிகள் இரகசியத்தை மறைத்துவிட்டனவாம். ஏகபோகத்தை உடைக்கவே இவர்கள் வந்தனராம். ஏகபோகத்தை வெறுப்பவன் எளிதில் மயங்குவான் என்பதை நன்கறிந்தவர்கள்.

துவிச்சக்கரவண்டி மிதித்தவர் எவரும் இப்பித்தலாட்டத்தை உணரலாம். டைனமோவைச் சில்லோடு பொருத்தி விளக்கை எரியவிட்டால் மிதி கனக்கும். பிறக்கும் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த இயக்கத்தையே எதிர்க்கும் என்று லென்சு 1834இல் வகுத்த விதி இதுதான். 1990இல் மீண்டும் மூண்ட போரில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றிக் கிடந்தபோது, வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் உதவியால் வானொலிச் செய்தி கேட்டனர் நம் மக்கள். வீட்டு மின்பிறப்பாக்கிக்கு இதனிலும் உயர்ந்த சான்று வேண்டுமா? ஆனால் அங்கே மின்சாரம் இலவசமாக வரவில்லை. சுழற்றிய கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது.

அவ்வாறாயின், நேர்மையான மனிதரும் மிகைச்சக்தி கண்டதாகச் சொல்வது எவ்வாறு? பெரும்பாலும் அளவியினால். சீரான அலைக்கென அமைந்த மலிவான அளவி, கூரிய துடிப்புகளாக வரும் மின்னோட்டத்தைப் பிழையாகக் காட்டும். அழுத்தத்தின் உச்சமும் மின்னோட்டத்தின் உச்சமும் ஒரே கணத்தில் நிகழாதபோது, இரண்டையும் எடுத்துப் பெருக்கினால் இல்லாத வாற்றுகள் தாளிலே தோன்றும். களைத்த பற்றறி சற்று ஓய்ந்ததும் தன் அழுத்தத்தை ஓரளவு மீளக் காட்டும். அதனைப் பொறி ஊட்டிய மின்சாரம் என எண்ணி மகிழ்வர். இவை குற்றமல்ல. அளக்கக் கற்பிக்காத கல்விக்கே இதிற் பெரும்பங்கு உண்டு. சூத்திரத்தை மனனஞ் செய்வித்து, கருவியை அலுமாரியிற் பூட்டிவைக்கும் பாடசாலைகள் எத்தனை!

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து யோசப் நியூமன், பெருஞ்சுருளும் காந்தமும் பற்றறி வரிசையும் கொண்ட தம் பொறிக்கு 1979இல் காப்புரிமை கேட்டார். மறுக்கப்பட்டது, நீதிமன்றம் ஏறினார். நீதிமன்ற ஆணைப்படி 1986இல் தேசிய நியமங்கள் பணியகம் அப்பொறியைச் சோதித்தது. சோதித்த நிலைமைகள் அனைத்திலும் உட்சென்றதிலும் குறைவாகவே வெளிவந்தது. நியூமனோ சோதித்த முறையையே பழித்தார். 1989இல் மேன்முறையீட்டு மன்றமும் மறுப்பை உறுதிசெய்தது.

இதற்கெதிரே பரடேயை வைத்துப் பாருங்கள். ஈர்ப்புவிசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டுமென அவர் உறுதியாக நம்பினார். கம்பிச்சுருள்களை உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதித்தார். ஒன்றுங் கிட்டவில்லை. நம்பிக்கை தளரவில்லை, ஆனாற் சான்றும் இல்லை என்று 1850இல் இலண்டன் றோயல் கழகத்துக்கு அறிவித்தார். கிட்டாததையும் அச்சேற்றினார் அந்தக் கருமான் மகன்.

1775இல் பாரிசு விஞ்ஞானக் கழகம், ஓயா இயக்கப்பொறிகளை இனி ஆராய்வதில்லை எனத் தீர்மானித்தது. அதற்கு அது காட்டிய காரணங்களுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது: இம்முயற்சியிற் குடும்பங்கள் அழிந்தன, நாட்டுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய கைவினைஞர் பொருளையும் காலத்தையும் அறிவையும் இதிலே தொலைத்தனர். அன்று அவர்கள் தாமே ஏமாந்தனர்; இன்று ஏமாற்றுவதே நிறுவனமாகிவிட்டது. டப்ளின் நகரத்து ஸ்டியோர்ன் கம்பனி 2006இல் இலண்டன் வார இதழொன்றில் விளம்பரம் செய்து விஞ்ஞானிகளுக்குச் சவால் விடுத்தது. 2007இல் இலண்டனிற் காட்டவிருந்த பொறி ஓடவில்லை. விளக்குகளின் வெப்பம் என்றனர். 2009இல் அவர்களே அமைத்த நடுவர் குழு, சக்தி பிறந்ததற்குச் சான்றில்லை என ஒருமனதாகக் கூறிற்று. அதன் பின்னரும் விற்பனை தொடர்ந்து, 2016இலேதான் கடை மூடப்பட்டது.

வரைபடம் விற்போரிடம் கேட்கவேண்டியது ஒன்றே. பொறியின் வெளிமுனையை உள்முனையோடு இணைத்து, பற்றறியைக் கழற்றிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒரு விளக்கை ஒரு கிழமை எரியவிடட்டும். அதுவரை எவரிடமும் ஒரு சதமும் கேட்கவேண்டாம்.