பத்மாவுக்கு எல்லை தெரியும்

ஆறுகளுக்கு எல்லை தெரியாது என்பது இலக்கியக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வாசகம். வங்க நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அது தவறாமல் வந்துவிடும். சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் 'நீலகண்டப் பறவையைத் தேடி' படித்த நாளிலிருந்து கிழக்கு வங்கத்தின் நீர்வெளி நம்மில் பலருக்குக் கனவு நிலமாகவே தங்கிவிட்டது. தேசங்கள் மண்ணில் கோடு போடலாம், நீரில் போட முடியுமா என்று கேட்டுவிட்டு மனநிறைவோடு எழுந்து போகிறோம். இந்த வாசகத்தை நாம் கைவிட வேண்டும். கங்கையைப் பொறுத்தவரை 1975 முதல் அது உண்மையல்ல.

மாணிக் பந்தோபாத்யாயவின் 'பத்மா நதிர் மாஜி' 1936இல் நூலாக வந்தபோது அந்த ஆறு ஒரே ஆட்சியின் கீழ் ஓடியது. மழைக்கால இரவுகளில் ஹில்சா மீனுக்கு வலைவீசும் ஏழை மீனவன் குபேருக்கு ஆற்றின் சீற்றமும் வறுமையும்தான் பகை. பிரிவினைக்குப் பின் அதே ஆறு முர்ஷிதாபாத் மாவட்டத்தை ஒட்டி எல்லைக்கோடாகவே ஆயிற்று. ரித்விக் கட்டக்கின் 'கோமல் காந்தார்' (1961) படத்தில், லால்கோலா ஆற்றங்கரையோடு தண்டவாளம் நின்றுவிடுகிறது. கேமரா அதன்மீது விரைந்துபோய்த் தடுப்பில் மோதத் திரை இருள்கிறது. அக்கரை கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. ஆனால் அப்போதும் தடைபட்டவர்கள் மனிதர்கள்தாம். நீர் ஓடிக்கொண்டிருந்தது.

1975இல் அந்த நிலையும் மாறியது. எல்லைக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், பராக்காவில், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தடுப்பணை இயங்கத் தொடங்கியது. வண்டலால் தூர்ந்துவந்த கல்கத்தா துறைமுகத்தைக் காக்க, கங்கை நீரின் ஒரு பகுதியைக் கால்வாய் வழியே ஹூக்ளிக்குத் திருப்புவது நோக்கம். பொறியாளர் கபில் பட்டாச்சார்யா அணை கட்டப்படும் முன்பே எதிர்த்து எழுதினார், எடுபடவில்லை. 1976 மே மாதம் முதியவரான மௌலானா பாஷானி, ராஜ்ஷாஹியிலிருந்து பெருந்திரளான மக்களோடு பராக்காவை நோக்கி நடந்தார்.

விளைவுகளை இரு புறமும் காணலாம். 1915இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலத்தின் தூண்கள் பல கோடையில் மணலில் நிற்கின்றன. பத்மாவிலிருந்து பிரியும் கோராய் மெலிந்ததால் குல்னா பக்கம் உப்புநீர் உள்ளேறுகிறது. அணைக்கு மேலே, இந்தியாவின் மால்தா மாவட்டத்தில், கங்கை கரையை அரித்துப் பஞ்சானந்தபூர் போன்ற ஊர்களை விழுங்கியது. முன்பு அலகாபாத் வரை எதிரேறி வந்த ஹில்சா இப்போது பெரும்பாலும் அணைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. குபேரின் மீனுக்கும் எல்லை தெரிந்துவிட்டது.

1996 டிசம்பர் 12 அன்று தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 2026 டிசம்பர் வரையிலான 30 ஆண்டுகளுக்கானது. சனவரி முதல் மே வரை, பத்து நாளுக்கு ஒரு கணக்காக நீரைப் பங்கிடச் சொல்கிறது. பராக்காவில் வரத்து விநாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ என்றால் ஆளுக்குப் பாதி. கணக்கு நியாயமாகவே தோன்றலாம். ஆனால் அந்த அட்டவணையில் மீனுக்கும் வண்டலுக்கும் கரையிழந்தவனுக்கும் பத்தி கிடையாது.

அணையை இடிக்கச் சொல்லவில்லை நாம். கல்கத்தாவின் தேவையும் பொய்யல்ல. ஆனால் காவிரிக் கடைமடையில் நின்று கன அடிக் கணக்குப் பார்த்துப் பழகிய நாம், கங்கையைப் பொறுத்தவரை மேல்மடைக்காரர்கள் என்பதை மறந்துவிடுகிறோம். தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்து நிற்பவன் படும் பாடு நமக்குத் தெரியும். பத்மாவின் கரையில் நிற்பவனுக்கு மட்டும் 'ஆற்றுக்கு எல்லையில்லை' என்று கவிதை சொல்வது எப்படி நியாயமாகும்? மடையின் மேற்புறம் இருப்பவனுக்கே அந்த வாசகம் இனிக்கும்.

வங்க நாவல்களைக் குறைத்துச் சொல்வதல்ல நம் நோக்கம். அவை காட்டிய ஆற்றையே இன்றும் ஓடும் ஆறாக எண்ணி வாசிப்பதுதான் பிழை. குபேரின் கதையைப் படித்து முடித்தபின், அவன் பேரப்பிள்ளைகள் கோடையில் எந்த நீரில் படகு விடுகிறார்கள் என்றும் கேட்பதே அந்த நாவலுக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி யாரேனும் மேடையில் ஆறுகளுக்கு எல்லை தெரியாது என்றால், இரண்டே கேள்விகள் கேட்போம். எந்த ஆறு? எந்த மாதத்தில்?